அந்த அறைக்குக் கைப்பேசி கிடையாது, ஐயா!

"பெட்டியைப் பிரியுங்கள், கேபிளைச் செருகுங்கள், ஐந்தே நிமிடம்!" என்று சொல்லி எங்கள் முதலாளியிடம் வீடியோ கூட்டக் கருவியை விற்றுவிட்டுப் போனாரே ஒரு விற்பனைப் பிரதிநிதி, அவரை எங்கள் மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும். "ஐந்து நிமிடத்தில் அமெரிக்க வாடிக்கையாளரைத் திரையில் கொண்டுவாருங்கள், திறந்துவிடுகிறேன்" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்ல வேண்டும். பொங்கலுக்குள் வெளியே வந்தால் அதிர்ஷ்டம்.

சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் விழுந்திருக்கிறது, வெளி இணையத்துக்கும் எங்களுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வால் விழுந்திருக்கிறது, எலி கேபிளைக் கடித்திருக்கிறது. எதற்கும் இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. கூட்ட அறைச் சுவரில் தொங்குகிறதே மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வீடியோ கருவி, அது ஒன்றுதான் என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சர்வர் நின்றால் எனக்கும் எனக்கு மேலே இருப்பவருக்கும் மட்டுமே தெரியும்; சத்தமில்லாமல் எழுப்பிவிடலாம். இது நின்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி, வாசலில் நிற்கும் என்னைப் பார்ப்பார்கள். "தம்பி, ஒரு டிவி போட்டுத்தர இவ்வளவு நேரமா?" டிவியாம்! டிவிக்கு ஐபி முகவரி, அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ், மின்னஞ்சல் பெட்டி, மாதாந்திர உரிமக் கட்டணம் எல்லாம் எந்த வீட்டில் சார் கேட்கிறது?

வெளியாட்களுக்குத் தெரியாது, ஒரு கூட்ட அறை என்பது எங்கள் கணினி அமைப்பின் கண்ணில் ஓர் ஊழியர். அதற்குக் கணக்கு உண்டு, கடவுச்சொல் உண்டு, நாட்காட்டி உண்டு. ஆனால் கை இல்லை, கைப்பேசி இல்லை, "கடவுச்சொல்லை மாற்றுங்கள்" என்று வரும் எச்சரிக்கையைப் படிக்கக் கண்ணும் இல்லை. எங்கள் விதிகள் அனைத்தும் கையும் கண்ணும் உள்ள ஆட்களுக்காக எழுதப்பட்டவை. தணிக்கைக்கு வந்தவர், "எல்லாக் கணக்குகளுக்கும் 90 நாளில் கடவுச்சொல் மாற வேண்டும்" என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். "அறைக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது, காரணமில்லாமல் அவ்வப்போது கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே எழுதிவிட்டது" என்று அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். "எங்கள் படிவத்தில் விதிவிலக்குக்குக் கட்டம் இல்லை" என்றார். கட்டம் இல்லையாம்! அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா அறைகளும் சொல்லிவைத்தாற்போல் வெளியேறிவிடுகின்றன. கோயம்புத்தூர்க் கிளை, மதுரைக் கிளை, எல்லாம் ஒரே காலையில்.

அடுத்து இரட்டை உறுதிப்பாடு. "நீங்கள்தானா? கைப்பேசியில் ஒப்புதல் கொடுங்கள்" என்று கேட்கிறது. யாரிடம்? காவிரி என்று பெயர் வைத்த அறையிடம்! கடைசியில் என் சொந்த எண்ணையே அந்தக் கணக்கோடு இணைத்துத் தொலைத்தார்கள். அக்காள் வீட்டு வளைகாப்பில் சாப்பிட உட்கார்ந்தபோது காவிரி என்னிடம் ஒப்புதல் கேட்டது. கொடுக்காமல் இருக்க முடியுமா?

புதுக் கருவியை உள்ளே ஏற்றும் கூத்து தனி. திரையில் ஒரு குறியீடு வரும். அதை நம் மடிக்கணினியில் தட்டச்சு செய்து அறையின் கணக்கில் நுழைய வேண்டும். 15 நிமிடத்தில் குறியீடு செத்துவிடும். 2025 பிப்ரவரியில், இதே குறியீட்டு வழியைப் பயன்படுத்தி ஆட்களை ஏமாற்றி ஒரு கும்பல் கணக்குகளைத் திருடுகிறது என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. எங்கள் பாதுகாப்புக் குழு அந்த வழியையே அடைத்துவிட்டது. சரியான முடிவு, நான் மறுக்கவில்லை. ஆனால் அடைக்கும் முன் "அறைகள் எந்த வழியாக வருகின்றன?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து முழுதாக அழித்து, மறுபடி நிறுவி, மீண்டும் அதே சுவரில் போய் முட்டினேன்.

முட்டும்போது திரை என்ன சொல்லும் தெரியுமா? "உள்நுழைய முடியவில்லை. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்." அட, நான்தானே ஐயா அந்த நிர்வாகி! நான் யாரைத் தொடர்புகொள்வது?

இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். புதிதாக வந்த ஒரு கருவி, நாள்கணக்கில் "உள்நுழைய முடியவில்லை" என்றே நின்றது. கணக்கு சரி, உரிமம் சரி, கேபிள் சரி. கடைசியில் பார்த்தால், பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்ததில் அதன் கடிகாரம் 1970க்குப் போய்விட்டது. 1970இல் நின்றுகொண்டு இன்றைய சான்றிதழைப் பார்த்தால் "இது இன்னும் செல்லுபடியாகவில்லையே" என்றுதானே சொல்லும்? நேரத்தைத் திருத்திக்கொள்ள வெளியே இருக்கும் நேர சர்வரைக் கேட்டிருக்கிறது. அதற்கான வாசலை, அதாவது யூடிபி 123 என்ற போர்ட்டை, ஃபயர்வால் குழு அடைத்துவைத்திருக்கிறது. உள்ளே நம் நேர சர்வர் இருக்கிறது என்று, கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவையின் 42ஆம் விருப்பத்தில் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கண் திறந்தது. "மணி தப்பாக இருக்கிறது" என்று ஒரு வரி திரையில் எழுத என்ன கேடு?

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் கதை இன்னும் மோசம். 802.1எக்ஸ் என்ற காவல் முறையைப் போட்டிருக்கிறோம், சான்றிதழ் காட்டாத கருவியைச் சுவிட்சில் கேபிள் செருகும் போர்ட் உள்ளே விடாது. நல்லது. அந்தச் சான்றிதழ் காலாவதியானால்? நெட்வொர்க்குக்குள் வர முடியாது. புதுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? நெட்வொர்க்குக்குள். ஆக, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் போய், அந்தப் போர்ட்டை மட்டும் திறந்துவைத்து, சான்றிதழைப் புதுப்பித்து, மறுபடி பூட்டி வர வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பிற்பகல் மர்மத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது மாடி அறை தினமும் பிற்பகல் 3 மணிக்கு, கூட்டம் தொடங்க ஆட்கள் உட்காரும் நேரம் பார்த்து, அணைந்து எழும். மின்சாரம் சரி பார்த்தேன், கேபிளை மாற்றினேன், சுவிட்ச் போர்ட்டை மாற்றினேன். நவம்பர் வந்ததும் அது 4 மணிக்கு நகர்ந்துவிட்டது. "இப்போது பரவாயில்லை தம்பி, சரிசெய்துவிட்டாய்" என்று விற்பனைப் பிரிவு மேலாளர் பாராட்ட வேறு செய்தார். அந்தக் கருவி விண்டோஸில் ஓடும் வகை. பராமரிப்புக்காக இரவு 2.30 மணிக்குத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். நிறுவிவிட்டுப் போன ஒப்பந்தக்காரர் நேர மண்டலத்தை மாற்றாமல் அமெரிக்கப் பசிபிக் கரையிலேயே விட்டுவிட்டார். அங்கே இரவு 2.30 என்றால் நமக்கு 3 மணி. அவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் 4 மணி. திரையின் மூலையில் தப்பான நேரம் இத்தனை மாதமும் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது. அலுவலகச் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உறைக்கவே இல்லை.

குரல் வெட்டி வெட்டி வருகிறது என்ற புகாருக்கு வருவோம். வீடியோவும் குரலும், தொலைந்ததைத் திரும்பக் கேட்காமல் ஓடும் யூடிபியில் போக வேண்டியவை. 3478 முதல் 3481 வரை நான்கே நான்கு போர்ட் திறந்துவிடுங்கள் என்று ஃபயர்வால் குழுவிடம் கேட்டேன். "திறக்காமலே வேலை செய்கிறதே?" என்கிறார்கள். செய்கிறது, எப்படிச் செய்கிறது? வழி அடைபட்டதும் டிசிபி 443 வழியாக முண்டியடித்துப் போகிறது. டிசிபி, தொலைந்த பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, மறுபடி கேட்டு வாங்கும்; அது வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். கோப்பு இறக்க அது சரி. பேசிக்கொண்டிருப்பவருக்கு அரை நொடி கழித்து வரும் சொல் எதற்கு? ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு 150 மில்லி நொடிக்குள் போய்விட வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குக் கண்ணாடியிழையில் ஓடவே அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். மீதியை, வெளியே போவதையெல்லாம் நடுவில் நின்று சோதிக்கும் எங்கள் ப்ராக்ஸி பிரித்துப் பார்த்து, முகர்ந்து, ஒட்டி அனுப்புவதில் கரைக்கிறது. பிறகு "இணைய வேகத்தைக் கூட்டலாமா?" என்று எம்.டி. கேட்கிறார். ஃபைபர்காரருக்கு இரட்டிப்புப் பணம் போயிற்று. குரல் அப்படியே வெட்டுகிறது.

வாடிக்கையாளர் அனுப்பிய அழைப்பில் மட்டும் "இணை" என்ற பொத்தான் வரவில்லை என்று இன்னொரு சண்டை. அறையின் அஞ்சல் பெட்டி, வெளியாள் அனுப்பும் கூட்ட அழைப்பை இயல்பாகவே கண்டுகொள்ளாது. அதை மாற்ற ஒரு கட்டளை போட வேண்டும். கூட்டத்தின் தலைப்பையும் அழித்துவிட்டு அழைத்தவர் பெயரைத்தான் எழுதிவைக்கும். அதற்கும் ஒரு கட்டளை. இதையெல்லாம் நான் செய்துவைத்தால், யாரோ ஒருவர் தன் மடிக்கணினிக்கு இணையம் வேண்டும் என்று கருவியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டு போய்விடுகிறார்.

இதற்கெல்லாம் மூலம், வாங்குகிறவர் வேறு, மாரடிக்கிறவர் வேறு என்பது. முகூர்த்தத்துக்குப் பந்தல், மேளம், பத்திரிகை எல்லாம் பேசி முடித்துவிட்டு, இலை போட்டபிறகு சமையல்காரரைத் தேடுகிறவர்கள் இவர்கள். ஐந்தாவது மாடிக்குப் புதுக் கருவிகள் வந்து இறங்கியிருக்கின்றன. சாப்பாட்டு வேளையில் காவலாளி அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த மாடி சுவிட்ச், நெட்வொர்க் கேபிள் வழியே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் மின்சாரம்தான் தரும். வந்திருப்பது 30 வாட் கேட்கும் கருவி. கேபிள் தெரிந்தால் அழகு கெடுகிறதாம், வைஃபையிலேயே விடச் சொல்கிறார் உள்ளலங்காரக்காரர். திங்கட்கிழமை திறப்பு விழாவாம், அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர் திரையில் வந்து வாழ்த்தப்போகிறாராம். எந்தச் சுவிட்சில் எந்தப் போர்ட் என்று ஒருவராவது எனக்கு எழுதி அனுப்புங்கள். அதுவரை அந்தப் பெட்டிகளின் நாடாவைக்கூட அறுக்கமாட்டேன்.