எல்லா மாரியோ கேட்ரிட்ஜும் கோடி பெறாது

"பழைய சூப்பர் மாரியோ 64 கேட்ரிட்ஜ் வைத்திருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறு. (சூப்பர் மாரியோ 64 ஒரு பழைய வீடியோ கேம்; அதைப் பதிந்து, கேம் கருவியில் செருகி விளையாடும் பிளாஸ்டிக் துண்டுதான் கேட்ரிட்ஜ்.)

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் ஏலத்தில் ஒரு பிரதி 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அது உறையே பிரிக்காத பெட்டி. தர மதிப்பீட்டில் 10-க்கு 9.8 பெற்றது, உறைக்கு மட்டும் தனியாக 'ஏ++' தரம். அந்தப் புத்தம்புது நிலைக்குத்தான் அவ்வளவு விலை. விளையாட்டு அரியதல்ல, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. லேபிள் உரிந்து, பின்புறம் பேனாவால் பெயர் கிறுக்கி, உலோக முனைகள் கறுத்துப்போன, பெட்டியில்லாத கேட்ரிட்ஜுக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைத்தாலே அதிகம்.

ஏல நிறுவனத்தின் இணையதளத்தில் விற்பனைப் பதிவைப் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பழைய கேட்ரிட்ஜுக்குப் பெரும்பணம் கொடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.