சும்மா நின்னா காசு கேக்காத வண்டி

பழைய பிக்கப்பு வண்டி படம் ஒண்ணு போட்டா போதும், "அந்தக் காலத்து இரும்பு அப்படி, இப்ப வர்றதெல்லாம் தகரம்"னு யாராவது ஒருத்தர் வந்து எழுதிட்டுப் போயிடுறாங்க, அதுக்கு லைக்கும் பிச்சுக்கிட்டுப் போகுது. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு வர்ற நேரமாப் பாத்து போய் நில்லுங்க. டாடா 207, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல அதிக அழுத்தத்துல டீசல் பீச்சுற முறை) வர்றதுக்கு முந்தின மகிந்திரா பிக்கப்பு எல்லாம் தக்காளிப் பெட்டியும் முருங்கைக் கட்டும் ஏத்திக்கிட்டு வரிசையா வரும். அதுல பாதி வண்டில கம்பெனி போட்ட இரும்பு எங்க இருக்குன்னு தேடணும். கதவு கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடையில வாங்கினது, கேபின் தரை துருப்பிடிச்சு புதுத் தகடு வச்சு அடிச்சது, பின்னாடி தொட்டி லோக்கல் பட்டறைல ஒரு தடவைக்கு ரெண்டு தடவை செஞ்சது, ஸ்பிரிங் பட்டை செட்டுல ரெண்டு பட்டை கூடுதலா சொருகினது. சேஸு, எஞ்சின் பிளாக்கு, ஆர்சி புக்கு, இது மூணுதான் ஒரிஜினல், சில வண்டில பிளாக்கும் சந்தேகம்தான். இரும்பு நல்லா இருந்ததால ஓடுதுன்னு எப்படி சொல்றது? எதைக் கழட்டினாலும் வேற ஒண்ண மாட்ட முடியுது, அதனால ஓடுது.

ஆனா அதுகூட ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம் டியூ, அதாவது மாசாமாசம் கட்டுற கடன் தவணை.

புது பிக்கப்பு இன்னைக்கு பத்து லட்சத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது. முன்பணம் கொஞ்சம் கட்டி அஞ்சு வருஷ லோன் போட்டாலும் மாசம் இருபதாயிரத்தை ஒட்டி டியூ வரும். டெய்லி லோடு இருக்கிறவனுக்கு இது ஒரு காசே இல்ல. ஆனா எங்க பக்கம் வெள்ளாமை வண்டிக்கு டெய்லி லோடு எங்க இருக்கு? முருங்கை சீசன்ல ராத்திரி பகல் பாக்காம ஓடும், மழை பிடிச்சு பூ உதிர்ந்துச்சுன்னா வாரத்துக்கு ரெண்டு நடை கிடைச்சா பெருசு. தக்காளி விலை விழுந்துச்சுன்னா பறிக்கிற கூலி கட்டாதுன்னு காட்டுலயே விட்டுடுவாங்க, அப்ப வண்டிக்கு ஏது வேலை. அந்த மாசத்துக்கும் டியூ தேதி வரத்தான் செய்யும், ஃபைனான்ஸ்காரங்க போன் பண்ணத்தான் செய்வாங்க. மூணு டியூ விழுந்தா வண்டிய வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துக்கிட்டே கட்டாத வாடகைக்கெல்லாம் லோடு எடுக்குறவங்கள நானே பாத்திருக்கேன். டீசல் காசு மட்டும் வந்தா போதும்னு ஓட்டுறது. பக்கத்துலயே கடன் முடிஞ்ச 207 வேப்பமரத்தடில நிக்கும், மேல கோழி ஏறி உக்காந்திருக்கும், ஓனருக்கு ஒரு கவலையும் கிடையாது. வாடகை கட்டலைன்னா "வராதுங்க"ன்னு சொல்ற தைரியம் அவருக்குத்தான் இருக்கு. பழைய வண்டியோட பெரிய பலம் ஓடுறதுல இல்லைங்க, ஓடாம நிக்க முடியிறதுலதான் இருக்கு. இதைத்தான் சொல்ல வந்தேன், மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருவோம். 207 டிஐல கிட்டத்தட்ட 3 லிட்டர் டீசல் எஞ்சின். மொத்தமும் மெக்கானிக்கல் பம்ப்பு. பம்ப்பு செஞ்ச மைக்கோ கம்பெனி பேரு 2008லயே பாஷ்னு மாறிடுச்சு, ஆனா எங்க பம்ப் மெக்கானிக்குகளுக்கு அது இன்னமும் மைக்கோ பம்ப்புதான். எஞ்சின் ஒரு தடவ ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா கரண்டுக்கு பெருசா வேலையே இல்ல, டீசலும் காத்தும் போனா ஓடிக்கிட்டே இருக்கும். பேட்டரி செத்துப் போச்சா, நாலு பேரு தள்ளி ரெண்டாவது கியர்ல கிளச்ச விட்டா எடுத்துக்கும். புகை தள்ளுதா, எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற நாசில கழட்டி கையால அடிக்கிற டெஸ்டர்ல மாட்டி அடிச்சுப் பாத்தா பனி மாதிரி பிரியுதா சொட்டு ஒழுகுதான்னு கண்ணுலயே தெரியும். ஒழுகுச்சுன்னா நாசில் முனைய மட்டும் மாத்திட்டு, பிரஷர் கம்மின்னா உள்ள ஒரு ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு ஏத்திடுவாங்க. அந்த நாசில் 200, 250 பார் அழுத்தத்துல திறக்குற சமாச்சாரம். இப்ப வர்ற காமன் ரெயில்ல 1,600 பார் சர்வ சாதாரணம், அந்த அழுத்தத்துக்கு செஞ்ச இன்ஜெக்டர்ல தண்ணி கலந்த டீசல் கொஞ்சம் போனாலும் கதை முடிஞ்சுது, கழட்டினாலும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்கேனர் மாட்டணும், ஸ்கேனர் வச்சிருக்கிறவரு டவுன்ல இருப்பாரு, டவுனுக்கு வண்டிய கட்டி இழுத்துட்டுப் போகணும், அன்னைக்கு லோடு யாரு பாப்பா?

புதுப் புகை விதிப்படி வர்ற பிஎஸ்6 வண்டில இன்னொண்ணு இருக்கு, டிபிஎஃப். புகைக்கரியைப் புடிச்சு வச்சிருந்து அப்பப்போ எரிக்கிற ஃபில்டர். எரியணும்னா சைலன்சர் பக்கம் 600 டிகிரி சூடு வேணும், அதுக்கு வண்டி கொஞ்ச நேரம் சீரா ஓடணும். ஹைவேல ஓடினா தன்னால எரிஞ்சுடும். தோட்டத்துல இருந்து மார்க்கெட்டு, மார்க்கெட்டுல வரிசைல நின்னு எஞ்சின ஆஃப் பண்ணாம அரை அடி அரை அடியா நகர்றது, மறுபடி தோட்டம், இப்படி ஓடுற வண்டிக்கு அந்த சூடு எங்க வரும்? டேஷ்போர்டுல லைட்டு எரியும், இழுவை குறையும், சர்வீஸ் சென்டருக்குப் போகணும். வண்டிய குத்தம் சொல்லல, அது வேற மாதிரி ஓட்டத்துக்குப் பொறந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் யாரும் பேசாத ஒரு விஷயம், மெக்கானிக் கடன் தருவாரு. "அண்ணே, சீசன் முடிஞ்சதும் தர்றேன்"னு சொன்னா கிளச் பிளேட்ட மாட்டி விட்டுடுவாரு, ஏன்னா அவருக்கும் நம்ம தோட்டம் எங்க இருக்குன்னு தெரியும். பழைய வண்டியோட செலவு சின்னச் சின்னதா, தள்ளிப்போடக்கூடியதா, பேசிக் குறைக்கக்கூடியதா வரும். சர்வீஸ் சென்டர்ல பில்லு கட்டினாத்தான் கேட் பாஸ். தப்பு சொல்லல, அவங்க முறை அது.

இதுக்காக புது வண்டியே வேஸ்ட்டுன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. டெய்லி கேரளாவுக்கோ சென்னைக்கோ லோடு எடுக்குறவன் பழைய 207ஐ வச்சுக்கிட்டு ஓட்டுனா அவனுக்குத்தான் நஷ்டம். மைலேஜ், இழுவை, பவர் ஸ்டியரிங், ராத்திரி ஓட்டுறப்போ லைட்டு, எல்லாத்துலயும் புதுசு எங்கயோ போயிடுச்சு. பிரேக்க பத்தி சொல்லவே வேணாம். பழைய பிக்கப்புல தாங்குற அளவைத் தாண்டி ரெண்டரை டன் ஏத்திட்டு தாண்டிக்குடில இருந்து சவ்சவ் லோடோட இறங்குறவங்களப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். அதைவிட மோசம், லோடு இறக்கிட்டு திரும்புறப்போ பின்னாடி தொட்டில ஆளுகள ஏத்துறது. கரும்புகை வேற. ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிள்ல போறப்போ மூஞ்சில அடிச்சுட்டுப் போறதுல என்ன பெருமை இருக்கு? பம்ப்ப சரியா கேலிபரேஷன் பண்ணி, ஏர் ஃபில்டர மாத்தினாலே பாதிப் புகை போயிடும். செய்ய மாட்டாங்க, இழுவை குறையுதுன்னு டீசல ஏத்தி வைக்கச் சொல்லுவாங்க.

கவர்மெண்டு கணக்கு வேற மாதிரி போகுது. எட்டு வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (ரோட்டுல ஓடத் தகுதி இருக்குன்னு சோதிச்சுத் தர்ற சர்ட்டிஃபிகேட்) எடுக்கணும். எஃப்சி அன்னைக்கு மட்டும் நல்ல டயர மாட்டிட்டுப் போயி பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டிட்டு வந்து கழட்டுற ஆளுங்களும் இருக்காங்க, அது தனிக்கதை. இன்சூரன்ஸ்ல மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டிக்கு தேர்டு பார்ட்டி 2022ல 16,049 ரூபாய்னு வச்சாங்க, ஜிஎஸ்டி தனி. அதுல வண்டி வயசே கணக்கு இல்ல, நேத்து வாங்கினதுக்கும் அதே, இருபது வருஷ வண்டிக்கும் அதே. ஆனா 2025 நவம்பர்ல எஃப்சி கட்டணத்தை வயசுப்படி ஏத்துனாங்க, 20 வருஷம் தாண்டின கனரக லாரிக்கு 2,500ல இருந்து 25,000. சின்ன வண்டிக்கு அதைவிடக் கம்மிதான், ஆனா ஏத்தம் ஏத்தம்தான்.

இங்கதான் எனக்கு கோவம். புகைய அளந்து, பிரேக்க அளந்து, சரியில்லைன்னா நிறுத்துங்க, நானே கை தட்டுறேன். வயச மட்டும் பாத்து காசு போட்டா, மாசத்துல பத்து நாள் ஓடுற வண்டிக்கும் முப்பது நாள் ஓடுற வண்டிக்கும் ஒரே அடி விழுது. கம்மியா ஓடுறவன் கம்மியாத்தான் புகை விடுறான், அவன்கிட்டதான் வருமானமும் கம்மி. வண்டிய வித்துட்டு புதுசு வாங்குன்னு சொல்றது ஈஸி. 2025 செப்டம்பர்ல சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டிய 28ல இருந்து 18ஆ குறைச்சாங்க, நல்ல விஷயம், மறுக்கல. ஆனா விலை குறைஞ்சா டியூ குறையும், மழை மாசத்துல லோடு கூடுமா?

சரி, பழைய 207 வாங்கலாமான்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீங்க, எஞ்சின எவன் வேணா கட்டுவான். வண்டிய குழில ஏத்தி சேஸ அடில இருந்து பாருங்க, பின் பட்டை மாட்டுற இடத்துல வெல்டிங் தழும்பு இருக்கா, ஒட்டுத்தகடு வச்சு பெயிண்ட் அடிச்சிருக்கான்னு பாருங்க. பெயிண்ட் புதுசா இருந்தா சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க, ஓனரு மூஞ்சி மாறினா கிளம்பி வந்துடுங்க. சேஸ் நம்பர் அச்சு ஆர்சியோட ஒத்துப்போகுதா, ஃபைனான்ஸ் முடிஞ்சதுக்கு என்ஓசி வாங்கி ஆர்சில இருக்குற ஹைப்போ (கடன் பதிவு) கேன்சல் பண்ணிருக்காங்களா, எஃப்சி எத்தனை மாசம் இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.