கிணற்றுக்கு மதில் இல்லை

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் எங்கள் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வீடுகள். தை மாதக் கூட்டத்தில், குடியிருப்பைச் சூழலுக்கு ஏற்றதாக மாற்றப் போகிறோம் என்றார்கள். சந்தோசம்தான். முதல் வேலையாகப் பொது முற்றத்துக்கு இன்ரலொக் கல் பதித்தார்கள். அதற்கு இடைஞ்சல் என்று அங்கே நின்ற வேம்பைத் தறித்தார்கள். இலை கொட்டுதாம். இப்போது பின்னேரம் மூன்று மணிக்கு அந்தக் கல்லில் செருப்பில்லாமல் கால் வைத்துப் பாருங்கள்!

அடுத்தது சோலர். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாளில், கூரையில் சோலர் இருந்த வீட்டிலும் இருட்டுத்தான். பற்றரி இல்லாமல் மின்சார சபை லைனோடு பொருத்திய சோலர், லைன் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்கக் கூடாதே. தனித்தனியாகப் பற்றரி வாங்க எங்களால் ஏலாது. சங்கமாக ஒன்று வாங்கினால் பொது மோட்டரும் ஒழுங்கை லைற்றுமாவது ஓடும்.

என்னைக் கேட்டால் முதலில் தண்ணீர். கடற்கரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்தபடி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். இந்த ஆவணியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால், சீனியையும் மீறிக் கரிக்கிறது. நான் பார்த்துப் பார்த்து இறைத்து என்ன பிரயோசனம், பக்கத்து வளவில் புல்லுக்கு இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடினால்? மதில் கட்டிப் பிரித்தது மேலேதான். கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணீர். கூட்டுறவுக்கு இதைவிட வேறென்ன வேலை இருக்கிறது?

திருகோணமலையில் வருடத்துக்குச் சராசரியாக 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மாரியில். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர். 80 சதுர மீற்றர் கூரைக்கு 120,000 லீற்றர். சிந்தியது சிதறியது என்று கால்வாசியைக் கழித்தாலும் 90,000. எல்லாம் அந்தக் கல்லில் வழிந்து, கானுக்குள் இறங்கி, கடலுக்குப் போகிறது. பீலி பூட்டி, கூரை கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டு, மிச்சத்தைச் சல்லியும் மணலும் போட்ட குழிக்குள் இறக்கினால் போதும், ஊறிக் கீழே நிற்கிற நல்ல தண்ணீரோடு சேரும். பெரிய தாங்கிகூடத் தேவையில்லை. முற்றத்துக் கல்லில் நாலு வரி கழற்றினால் குழிக்கு இடம் வரும், ஒரு வேப்பங்கன்றுக்கும் வரும்.

என் மச்சாள் சூரிச்சில் கூட்டுறவு வீட்டில்தான் இருக்கிறாள். வாடகை வீடுகளில் மூன்றில் ஒன்றாவது 2050க்குள் இலாபநோக்கில்லாத வீடாக வேண்டும் என்று 2011இல் சனமே வாக்களித்த நகரம் அது. அவளுடைய கட்டடம் முழுவதற்கும் கீழே ஒரே சலவை அறை; முறை வைத்துத் தோய்க்கிறார்கள். முறை தவறினால் சண்டை வருமாம். வரட்டுமே, இங்கே சண்டை இல்லாமலா இருக்கிறோம்?

வாற ஞாயிறு கூட்டம். நுழைவாயில் வளைவுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் முதல் விடயமாம். பீலிக்கு விலை கேட்டுத் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டாதி முடிவதற்குள் பூட்டினால்தான் இந்த மாரியைப் பிடிக்கலாம். தலைவர் அண்ணை, என்னை மறுபடியும் ‘இதர விடயங்கள்’ வரைக்கும் காக்க வைக்காதீர்கள்.