காளான் எங்க போச்சு மாமா?

சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேமின் கையடக்க வடிவங்களில் எது நல்லது என்று பேச்சு வந்தால், பழைய கேம் பைத்தியங்கள் பலரும் யோசிக்காமல் சொல்வது 'டீலக்ஸ்'. 1999இல் கேம்பாய் கலருக்கு வந்தது. நானும் இத்தனை வருஷம் அந்தக் கட்சிதான். போன மாதம் அக்கா மகன் என்னைக் கட்சி மாற வைத்துவிட்டான்.

பத்து வயசுப் பையன். போனில் வரும் கேம்களைத் தவிர வேறெதுவும் ஆடியதில்லை. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கேம்பாய் கலரை எடுத்து, இரண்டு பேட்டரி போட்டு, டீலக்ஸ் கேசட்டைச் சொருகிக் கொடுத்தேன். (கார்ட்ரிட்ஜ் என்றுதான் எழுத வேண்டும். டிவி கேமில் ஊதி ஊதிச் சொருகிய காலத்திலிருந்து நமக்கு அது கேசட்தானே.) முதல் கட்டத்தில் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினான். மரியோவைப் பெரிதாக்கும் காளான் எட்டிப் பார்த்தது, வலப்பக்கம் நகர்ந்தது, திரையை விட்டே போய்விட்டது.

"காளான் எங்க போச்சு மாமா?"

"இருடா, வரும்" என்றேன்.

வந்தது. எங்கிருந்தோ திடீரென்று தன்னை நோக்கி வருவதைப் பார்த்தவன் எதிரி என்று நினைத்து அதைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டான்.

அந்த "இருடா, வரும்" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிவியில் ஆடிய ஞாபகத்தில் தெரியும். டீலக்ஸின் திரையில் அதற்கான தடயம் எதுவுமே இல்லை.

1985இல் நிண்டெண்டோவின் டிவி கேம் பெட்டியான ஃபேமிகாமுக்காக, கேமை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும் அந்த முதல் கட்டத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பாருங்கள். காளான் வெளிவரும் பெட்டிக்கு ஏழு சதுரம் (ஒரு சதுரம் ஒரு பெட்டி அளவு) தள்ளி ஒரு பச்சைக் குழாய். காளான் போய் அதில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். டிவி திரையின் அகலம் 256 புள்ளி (பிக்சல்), அதாவது 16 சதுரம். பெட்டிக்கு அடியில் நிற்கும்போதே வலது ஓரத்தில் குழாய் தெரிந்துவிடும். காளான் போவது, மோதுவது, திரும்புவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். இந்த உலகத்தில் பொருள்கள் சுவரில் முட்டினால் திரும்பும் என்ற பாடத்தை ஒரு எழுத்துகூட இல்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் ஆமை ஓட்டை உதைத்துவிட்டு, அது திரும்பி வருமே என்று நாமாகவே பயந்து ஒதுங்குகிறோமே, அந்தப் பயத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

கேம்பாய் கலரின் திரை 160க்கு 144 புள்ளி. பத்துச் சதுர அகலம், ஒன்பது சதுர உயரம். மரியோவைச் சிறிதாக்காமல் அதே அளவில் வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த உலகத்தை வெட்டிவிட்டார்கள். கணக்குப் போட்டால் ஃபேமிகாம் படத்தில் எட்டில் மூன்று பங்குதான் ஒரு நேரத்தில் கண்ணுக்குக் கிடைக்கிறது. குழாய் அந்த மூன்று பங்கில் இல்லை.

மேல் கீழ் இன்னும் மோசம். முதல் கட்டத்தின் உயரமான கேள்விக்குறிப் பெட்டி தரைக்கு மேல் எட்டாவது வரிசை. தரையே இரண்டு வரிசை. ஆக பத்து வரிசை வேண்டும், இருப்பது ஒன்பது. இதற்காக மேலே, கீழே பொத்தானை அழுத்தினால் காட்சியை நகர்த்திப் பார்க்கும் வசதி வைத்தார்கள். அதை ஒப்புதல் வாக்குமூலம் என்றுதான் நான் சொல்வேன். ஓடிக்கொண்டே குதிக்க வேண்டிய ஆட்டத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது என்ன நியாயம்? இரண்டடுக்குச் செங்கல்லில் மேலும் கீழும் தாவிச் சுத்தியல் எறியும் அந்த இரட்டையரை இந்தத் திரையில் எதிர்கொண்டவர்களுக்குத் தெரியும் நான் சொல்வது. கடைசியில் கொடிக்கம்பம் வேறு. உச்சியைப் பிடித்தால் 5000 புள்ளி. குதிக்கும் படியையும் கம்பத்தின் உச்சியையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாமல், குத்துமதிப்பாகக் குதிக்க வேண்டியிருக்கிறது.

டீலக்ஸ் மட்டமான வேலை என்று சொல்லவில்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்தக் கருவியின் சிப்புக்காகக் கேமையே மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தைச் சேமிக்கலாம், மரியோவின் தம்பி லூயிஜியாக ஆடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சிவப்பு நாணயமும் யோஷி என்ற டைனோசரின் முட்டை ஒன்றும் ஒளிந்திருக்கும் சவால் ஆட்டம் உண்டு. மூன்று லட்சம் புள்ளி எடுத்தால் 1986இல் ஜப்பானில் வட்டில் வந்த அந்தக் கொடூரமான இரண்டாம் பாகத்தின் முதல் எட்டு உலகங்கள் திறக்கும். சுவருக்குள் புகுந்து போகும் பூ (Boo) என்ற பேயோடு பந்தயம் ஓடலாம். நாள்காட்டிகூட வைத்திருக்கிறார்கள், யார் கேட்டார்களோ!

இவற்றில் முட்டை தேடலும் பேய்ப் பந்தயமும் யாருக்காக? கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடத் தெரிந்தவனுக்காக. வெட்டுப்பட்ட உலகத்தை அவன் ஞாபகத்தால் நிரப்பிக்கொள்வான். டீலக்ஸை ஆஹா ஓஹோ என்று புகழும் நாம் எல்லோரும் அந்த ஆள்கள்தான். முதல்முறை ஆடுகிறவனுக்கு அது பாதி மறைத்த வினாத்தாள்.

2004இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த வடிவத்தை அன்று நானே கிண்டலடித்திருக்கிறேன். புதிதாக ஒரு கட்டம் இல்லை, ஒரு முட்டை இல்லை. பழைய நிரலை எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டி, அமெரிக்காவில் 19.99 டாலருக்கு விற்றார்கள். அநியாய விலை, அதில் இன்றும் என் கருத்து மாறவில்லை. 240க்கு 160 திரையில் அடங்குவதற்காகப் படத்தை மேலிருந்து கீழாக நசுக்கியிருப்பார்கள். மரியோவின் தலைமேல் யாரோ உட்கார்ந்து எழுந்தது போல் குட்டையாக இருப்பார். ஆனால் அகலத்தில் பதினைந்து சதுரம் தெரிகிறது. தரையும் உண்டு, மேல்வரிசைப் பெட்டியும் உண்டு, குழாயும் உண்டு. அழகை விட்டுக்கொடுத்துப் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். குதிப்பதற்கு முன்னால் எங்கே இறங்குவோம் என்று பார்ப்பதுதான் இந்த ஆட்டத்தில் பாதி. அதனால் என் ஓட்டு இப்போது நசுங்கிய மரியோவுக்கு.

மறுவாரம் பையன் வந்தபோது அட்வான்ஸைக் கொடுத்தேன். பெட்டியை முட்டினான். காளான் ஓடியது, குழாயில் முட்டியது, திரும்பியது. பையன் நகரவே இல்லை, அது வரட்டும் என்று நின்று வாங்கிக்கொண்டான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டீலக்ஸ் என் தலைமாட்டுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளைப் பேயை எப்போதோ ஜெயித்தாகிவிட்டது. கறுப்புப் பேய்தான் இன்னும் தண்ணி காட்டுகிறது.