அப்டேட்டை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்

விண்டோஸ் கணினி அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தடுக்க, அப்டேட் சேவையையே முடக்கிவிடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தர்மபுரியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் இதை ஏற்கவே மாட்டேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகையே உலுக்கியது; அதைத் தடுக்கும் விண்டோஸ் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள்.

வலி எனக்கும் தெரியும். அரூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினைப் பத்திரம், பதினான்கு பக்கம். டீ குடித்துவிட்டு வந்தால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியாக அடித்த சர்வே எண்கள் அத்தனையும் போயின. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வாய் பேசாமல் காத்திருந்தார்கள். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

கட்டுரை சொல்லும் குரூப் பாலிசி எடிட்டர், அதாவது விண்டோஸின் உள் விதிகளை மாற்றும் கருவி, விண்டோஸின் ஹோம் பதிப்பில் கிடையாது. எங்கள் பக்கம் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம்தான். விண்டோஸ் 11 ஹோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத வேலை நேரத்தை, கையால் அமைக்கலாம். 18 மணி நேரம் வரை தரலாம். நான் காலை 6 முதல் இரவு 12 வரை வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில் 'கெட் மீ அப் டு டேட்' அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இயங்கினால் வேலை நேரத்திலும் ரீஸ்டார்ட் ஆகும்.

வேர்டில் மீட்பு நகலைத் தானாக எடுத்துவைக்கும் ஆட்டோ ரிக்கவர் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சேமிக்கும். அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.