ஒரே முகம், பதினாறு முதுகு

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். இரண்டும் டை காப் என்ற அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் வீரரின் அட்டைகள். அதே சிவப்புப் பின்னணி, அதே முகம். "ஒன்று சில ஆயிரம் டாலராம், இன்னொன்று லட்சக்கணக்கிலாம். ரெண்டும் ஒரே கார்டுதானே? யாரை ஏமாற்றுகிறார்கள்?" என்று கேட்டார். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நான்கு நிமிடம் தாண்டியதும் எனக்கே அலுத்துப்போய் அழித்துவிட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேஸ்பால் கார்டு பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் பேஸ்பால் வீரர்களின் வண்ண அட்டைகளை வைத்து விற்றது. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. மொத்தம் 524 வகை. இன்று எல்லோரும் இவற்றை டி206 என்கிறார்கள். கம்பெனி வைத்த பெயர் அல்ல அது. சிரக்யூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்ற மனிதர், அமெரிக்காவில் வெளிவந்த அட்டைகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டார். புகையிலை அட்டைக்கு டி, பழைய மிட்டாய் அட்டைக்கு இ. மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் தன் சேகரிப்பு முழுவதையும் ஆல்பங்களில் ஒட்டி, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963இல் இறந்துபோனார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். காசுக்காகச் செய்த வேலை இல்லை. இன்று இந்த உலகத்தில் புரளும் பணத்தைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று சில சமயம் யோசிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டையின் முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். கம்பெனி ஒன்றுதான், ஆனால் அதன் கையில் பிராண்டுகள் ஏராளம். அதனால் ஒரே படத்தை அச்சடித்து, பின்னால் மட்டும் பிராண்டு பெயரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இப்படி 16 பிராண்டுகள். சேகரிக்கிறவர்கள் 'பேக்' என்பார்கள், நான் முதுகு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பீட்மான்ட், ஸ்வீட் கபோரல் இரண்டும் ஏகத்துக்கும் விற்ற சரக்கு, அவற்றின் முதுகோடு வந்த அட்டைகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. டிரம், உஸிட், லெனாக்ஸ், பிராட் லீஃப் எல்லாம் கண்ணில் படுவதே அபூர்வம். 'ஹிந்து' என்றுகூட ஒரு சிகரெட் இருந்தது. (மவுண்ட் ரோடு பத்திரிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதிலும் பழுப்பு மையில் அச்சான ஹிந்து கிடைக்கும், சிவப்பு மையில் அச்சானது கிடைக்காது. போலார் பேர் என்பது சிகரெட்டே இல்லை, உதிரிப் புகையிலை. அந்தத் தூளுக்குள்ளேயே அட்டையும் கிடந்ததால் போலார் பேர் முதுகில் பழுப்புக் கறை சகஜம். கறை இருக்கிறதே என்று புதிதாக வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கறையே பிடிக்கும்.

இன்னொன்று, எல்லா முகத்துக்கும் எல்லா முதுகும் கிடையாது. சில ஜோடிகள் அச்சாகவே இல்லை. அதனால் 524ஐ 16ஆல் பெருக்கிக் கணக்குப் போட்டால் தப்பு.

நண்பர் அனுப்பிய டை காப் இதற்கெல்லாம் உச்சம். டி206இல் காபுக்கு நான்கு படங்கள் உண்டு. பச்சைப் பின்னணி, சிவப்புப் பின்னணி, மட்டையைத் தோளில் வைத்தபடி ஒன்று, தோளிலிருந்து எடுத்தபடி ஒன்று. நான்கில் அதிகம் கிடைப்பது சிவப்புதான். காபின் டி206 ஒன்றாவது வேண்டும் என்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குவார்கள். ஆனால் இதே சிவப்புப் படத்தின் முதுகில் பீட்மான்டுக்குப் பதிலாக 'டை காப், புகையிலை உலகின் ராஜா' என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருந்தால், நீங்கள் பிடித்திருப்பது பேஸ்பால் உலகின் ஆகக் கிடைக்காத அட்டைகளில் ஒன்று. காபின் பெயரிலேயே விற்ற புகையிலை அது. வேறு எந்த வீரரின் படத்துக்குப் பின்னாலும் இந்த விளம்பரம் வந்ததில்லை. முன்பக்கம் வேறு வழவழவென்று இருக்கும். அதனால் இது டி206 குடும்பமே இல்லை, தனி வெளியீடு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. அப்படிப் பார்த்தால் 15 முதுகுதான், தலைப்பை மாற்ற வேண்டும்.

2016இல் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு குடும்பம், இறந்துபோன கொள்ளுத்தாத்தா பாட்டியின் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. தரையில் கசங்கிய காகிதப் பை ஒன்று கிடந்தது. குப்பையில் போட இருந்தவர்கள், எதற்கும் பார்ப்போம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளே இந்த முதுகோடு ஏழு காப் அட்டைகள்! அதுவரை உலகத்தில் இருப்பதாகத் தெரிந்ததே சுமார் 15. ஒரே பையில் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. 'மொத்தம் இத்தனைதான் உண்டு' என்று யாராவது அடித்துச் சொன்னால் அன்றிலிருந்து நான் அந்தப் பையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நம்மிடம் இருப்பது இதுவரை கண்டெடுத்தவற்றின் கணக்கு மட்டுமே.

என் நண்பர் கேட்ட கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது அரிது என்பது ஒன்று, எதற்கு விலை என்பது இன்னொன்று. ஊரே இரண்டையும் போட்டுக் குழப்புகிறது. பேஸ்பால் ஜாம்பவான் ஹோனஸ் வாக்னரின் டி206 அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது. செய்திகளில் 'உலகின் மிக அரிய பேஸ்பால் அட்டை' என்றே எழுதுவார்கள். வாக்னர் அட்டைகள் ஐம்பது அறுபது உண்டு. அதே டி206இல் ஜோ டாயில் என்று ஒரு பந்து வீச்சாளர். அவர் ஆடியது அமெரிக்கன் லீகில். அதே நியூயார்க்கில் நேஷனல் லீகில் லாரி டாயில் என்று வேறொருவர் இருந்தார். அச்சகத்தில் யாரோ குழம்பிப்போய் ஜோவின் படத்துக்குக் கீழே நேஷனல் லீக் என்று போட்டுவிட்டார்கள். பிறகு அதை நீக்கினார்கள். நீக்கிய பிறகு வந்த அட்டை சல்லிசு. பிழையோடு வந்ததில் இன்று தெரிந்தவை பத்தைச் சுற்றித்தான். படத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கீழே ஒரு சொல், அவ்வளவுதான். வாக்னரைவிட இது எத்தனையோ மடங்கு அரிது. விலை? கணிசம்தான், ஆனால் வாக்னரின் கிட்டேகூட வராது. ஜோ டாயில் யார் என்று யாருக்குத் தெரியும்?

1952ஆம் ஆண்டு டாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட, நட்சத்திர வீரர் மிக்கி மாண்டிலின் அட்டை இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு அட்டைகளில் 311 முதல் 407 வரை எண்ணிட்ட கடைசித் தொகுதி முழுவதுமே சிரமப்பட்டுக் கிடைப்பது. விற்காமல் தேங்கியதை 1960இல் கடலில் கொண்டுபோய்க் கொட்டினோம் என்று அந்த நிறுவனத்தின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த 97 அட்டைகளை 100 கட்டங்கள் கொண்ட அச்சுத் தாளில் அடித்தபோது, மிஞ்சிய மூன்று கட்டங்களில் மாண்டிலையும் ஜாக்கி ராபின்சனையும் பாபி தாம்சனையும் இன்னொரு முறை போட்டார்கள். ஆக அந்தத் தொகுதியிலேயே அதிகம் அச்சான மூன்றில் மாண்டில் ஒன்று. 2022இல் ஒரு மாண்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதே தொகுதியில் பாதி எண்ணிக்கையில் அச்சான பாவப்பட்டவர்களை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரே படத்தின் இரண்டு வெளியீடுகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட, எந்த வழியாக வெளியே போனது என்பதைத்தான். இதற்கு கிராக்கர் ஜாக்கை மிஞ்சிய பாடம் கிடையாது. வெல்லப்பாகு பூசிய சோளப்பொரியும் வேர்க்கடலையும் கலந்த தின்பண்டம் அது. 1914இல் 144 அட்டைகள் வெளியிட்டார்கள். பொட்டலத்துக்குள் பொரியோடு பொரியாகக் கிடந்தன. பாகு ஒட்டி, பிள்ளைகள் கைபட்டு, பெரும்பாலானவை கறையோடுதான் தப்பின. அடுத்த வருடம் 176 அட்டைகள், பெரும்பாலும் அதே படங்கள். ஆனால் இந்த முறை 100 கூப்பன்களோ, ஒரு கூப்பனும் 25 சென்ட்டுமோ அனுப்பினால் மொத்த செட்டும் தபாலில் வீடு தேடி வந்தது. ஒட்டிவைக்க ஆல்பம்கூடக் கொடுத்தார்கள். தபாலில் போனது பொரியைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் ஜோ ஜாக்சனின் அதே படம், 1915இல் சுத்தமாகக் கிடைக்கிறது, 1914இல் கிடைப்பதில்லை. பிரித்தறிவது சுலபம். 1915 அட்டையைப் பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்க எழுத்து தலைகீழாக இருக்கும். இதை மறந்துவிட்டு இரண்டின் விலையையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

1916இல் சிகாகோவின் ஃபீலிக்ஸ் மெண்டல்சன் வெளியிட்ட கறுப்பு வெள்ளை அட்டைகளிலும் இதே கதை. பேப் ரூத் அப்போது பாஸ்டனின் இளம் பந்து வீச்சாளர், எண் 151. அதே படம் வெற்று முதுகோடும் வந்தது, ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை விளம்பரத்தோடும் வந்தது, துணிக்கடை, ரொட்டிக்கடை விளம்பரங்களோடும் வந்தது. அதிகம் கிடைப்பது வெற்று முதுகு. உள்ளூர் ரொட்டிக்கடை முதுகு எங்கோ ஒன்று தலைகாட்டும். எனக்குப் பணம் இருந்தால் ரொட்டிக்கடையைத்தான் வாங்குவேன். இல்லை என்பதால் இந்தப் பத்தியை இத்தோடு முடிக்கிறேன்.

தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் கம்பெனிகளின் எண்ணிக்கைப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்வது இன்னொரு நோய். 'உலகத்தில் மொத்தம் 14' என்று விற்பனைக் குறிப்பில் போடுவார்கள். 14 அல்ல, 14 முறை தரம் பார்க்கப்பட்டது, அவ்வளவுதான். இன்னும் நல்ல மதிப்பெண் வரும் என்று உறையை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் நிறைய. பழைய உறையிலிருந்த தரச் சீட்டைக் கம்பெனியிடம் திருப்பி ஒப்படைக்காவிட்டால் ஒரே அட்டை இரண்டாகிவிடும், மூன்றாகக்கூட. இன்னொரு பக்கம், மலிவான வீரரின் அட்டையைக் காசு கொடுத்து யார் தரம் பார்ப்பார்கள்? அது பட்டியலிலேயே ஏறாது. ஏறாததை அரிது என்று நினைத்துக்கொள்கிறோம். போதாததற்கு, ஆரம்ப காலத்து உறைகளில் எந்த முதுகு என்பதையே எழுதாமல் விட்டிருக்கிறார்கள். முதுகுவாரியாகக் கணக்கெடுக்கிறவனுக்கு அதெல்லாம் வீண்.

இவ்வளவு பேசுகிற நானும் அடிபட்டவன்தான். சில வருடங்களுக்கு முன் டி206 ஒன்று வாங்கினேன். பெயர் சொன்னால் பேஸ்பால் பைத்தியங்களுக்கே தெரியாத ஒரு வீரர். என்னிடம் அவருடைய அதே படம் பீட்மான்ட் முதுகில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதியது அகலத்தில் மெலிந்து இருந்தது. ஓரத்தை வெட்டியிருக்கிறான் என்று எனக்குக் கொதித்தது. வாக்னர் அட்டைகளிலேயே பிரபலமானதன் ஓரத்தை வெட்டியதாக ஒரு வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்ட உலகம் இது, சந்தேகம் வராமல் இருக்குமா? விற்றவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, அட்டையையும் திருப்பி அனுப்பினேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்கன் பியூட்டி சிகரெட் பாக்கெட் ஒல்லி. அதற்குள் நுழைவதற்காக அந்த முதுகு அட்டைகளை அச்சகத்திலேயே ஒரு மயிரிழை ஒடுக்கமாக வெட்டினார்கள். நான் திருப்பி அனுப்பியதன் முதுகில் அமெரிக்கன் பியூட்டி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் படிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அது விற்றுவிட்டது என்றார், நான் கொடுத்ததைவிடக் கூடுதல் விலைக்கு. அப்புறம் அவரிடமே பல அட்டைகள் வாங்கிவிட்டேன். போன மாதம் அதே வீரர், அதே படம், பழுப்பு ஹிந்து முதுகோடு ஒன்று வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தார். கீழே இன்னொரு வரி: "அளந்துவிட்டேன், அகலம் சரியாக இருக்கிறது."