"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள்

வீடியோ ஓடி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்ஸ்..." என்று நாற்பத்தைந்து குரலும் ஒரே ராகத்தில் வரும். ராயபுரமோ வியாசர்பாடியோ எண்ணூரோ, எந்தப் பள்ளியிலும் இந்த ராகம் மாறாது. புரியாதவன்தான் அதில் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் இதே கேள்வி, இதே பதில் என்றால் சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

2018-ல் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பிள்ளைகளுக்குக் காட்ட இன்றைக்கு வீடியோவுக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரவேண்டிய சேதிக்குத்தான். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பது அந்தப் பீரியடுக்குள்ளேயே டீச்சருக்குத் தெரியவேண்டும். பரீட்சைத் தாள் திருத்தும்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

இதற்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் டேப்லெட் வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டீச்சரின் ஒரே ஒரு போன் போதும். பிள்ளைகள் தூக்கிக் காட்டும் அட்டைகளைப் போன் கேமராவால் படித்து, யார் என்ன விடை சொன்னார் என்று கணக்கெடுக்க பிளிக்கர்ஸ் (Plickers) என்று ஒரு ஆப் இருக்கிறது. அதன் தளத்தில் அட்டைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு செட்டில் 40 அட்டை. ஏ4 தாளுக்கு இரண்டு வீதம் அச்சடித்தால் இருபது தாள். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் 63 அட்டை செட்டை எடுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களாலான ஒரு உருவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த எழுத்து மேலே வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் விடை. இரண்டு அட்டை ஒரேமாதிரி இருக்காது, எழுத்தும் பொடிசு. பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை.

அட்டை எண்ணும் வருகைப்பதிவேட்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். கேள்வியை ஆப்பில் தமிழில் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கரும்பலகையில் எழுதுங்கள், ஆப்பில் "கேள்வி 1" என்று மட்டும் போடுங்கள். எல்லோரும் அட்டையைத் தூக்கியதும் போன் கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் பெயர் பெயராக டிக் விழும்.

முதல் நாளே சொதப்பும், அதற்கும் காரணங்கள் உண்டு. கிழியாமல் இருக்கட்டும் என்று பளபள லேமினேஷன் போட்டுவிடுவார்கள், ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு உருவம் அழிந்துவிடும். கனமான மேட் அட்டையில் அச்சடித்தாலே போதும். பிள்ளைகள் விரலால் கட்டத்தை மூடிக்கொண்டு பிடிப்பார்கள், ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிப் பழக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்து நின்று கேமராவைப் பிடித்தால் பின்வெளிச்சத்தில் ஒன்றும் பதியாது, ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நெருக்கி உட்காரும் வகுப்பில் முன்னவன் தலை பின்னவன் அட்டையை மறைக்கும். அட்டை தலைக்கு மேலே போகவேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை மாதிரி வரிசைக்கு ஒருவரை வைத்தால் இதெல்லாம் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

ஆனால் கேள்வி சரியில்லை என்றால் அட்டையும் வீண். "ஓம் விதி என்ன?" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு பேட்டரி, ஒரேமாதிரி இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. முதல் பல்பைத் தாண்டிய பிறகு மின்னோட்டம், ஏ: குறையும். பி: அதே அளவு இருக்கும். சி: கூடும். டி: நின்றுவிடும்.

பி-தான் விடை. ஆனால் ஏ-க்கு ஏராளமான அட்டை எழும். மின்சாரத்தைப் பல்பு "தின்றுவிடுகிறது" என்பது எல்லோர் மனதிலும் இருக்கும் படம். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை, மின்னோட்டம் சுற்று முழுக்க ஒன்றுதான். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு எண்ணம் இருக்கிறமாதிரி கேள்வி அமைக்கவேண்டும். சும்மா இடத்தை நிரப்ப ஒரு டி போட்டால் அது டீச்சருக்கு ஒன்றும் சொல்லாது.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் சொல்லும் கணக்கு இங்கே உதவும். சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் திரும்ப நடத்துங்கள். 30-க்கும் 70-க்கும் நடுவில் என்றால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் வாதம் பண்ணவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். 70-க்கு மேல் என்றால் அடுத்த பாடம். அந்த இரண்டு நிமிஷச் சந்தையிரைச்சலைக் கேட்டு ஹெச்.எம். எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை.

திரையை இப்போதுதான் போடவேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் மின்சுற்று கட்டும் சிமுலேஷன் இருக்கிறது. ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பென்டிரைவில் வைத்துக்கொண்டால் லேப்டாப்பில் நெட் இல்லாமலே குரோமில் திறக்கும். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு, தொடரில். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் வையுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர். ஏ என்று தூக்கியவன் கண் அந்த எண்ணில்தான் நிற்கும். அவன் ஏற்கெனவே ஒரு பக்கம் பந்தயம் கட்டிவிட்டானே! கேட்பதற்கு முன்னால் இதைக் காட்டியிருந்தால் இன்னொரு வீடியோ மாதிரிதான் போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: நிஜ டார்ச் பல்பில் இழை சூடாகச் சூடாக மின்தடை ஏறும். அதனால் எண்கள் இதே அளவில் வராது. ஆனால் மூன்று இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதையும் மேசையில் காட்டிவிடுங்கள்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வகுப்பில் கண்டெய்னர் லாரி ஹாரனும் தலைக்கு மேல் ஃபேனும் சேர்ந்தால் லேப்டாப் ஸ்பீக்கர் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தவும் முடியாது. வீடியோவை மியூட் செய்துவிட்டு நீங்களே பேசுங்கள். அதில் வரும் செய்தித்தமிழைவிட உங்கள் பேச்சு பிள்ளைகளுக்குப் பக்கம்.

பழைய வினாவங்கியை கூகுள் ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது என்று புலம்புகிறவர்களுக்கு: அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள். எடுத்த பிறகு கொ, கோ வரும் இடங்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம் வேறு கதை. பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு துறைமுகத்துக்கோ லாரிக்கோ போய்விட்டு ராத்திரிதான் திரும்பும். ஒரு மணி நேர வீடியோவை 360பி-யில் பார்த்தாலே 300 எம்பி வாக்கில் போகும். நீங்கள் பேசி அனுப்பும் மூன்று நிமிஷ வாட்ஸ்அப் குரல் பதிவு அரை எம்பி அளவுதான், ராத்திரி பத்து மணிக்கும் கேட்கலாம். கூகுள் ஃபார்மில் "ஃபைல் அப்லோடு" கேள்வி வைக்காதீர்கள். கூகுள் கணக்கில் நுழையாமல் அது திறக்காது, பாஸ்வேர்டு பாதி வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நோட்டைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொன்னால் நாற்பத்தைந்து மங்கல் படத்தில் யாருடையது எது என்று தேடியே விடிந்துவிடும். குரல் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டார்களா இல்லையா என்பது மறுநாள் முதல் பீரியடில் அட்டை எழும்போது தெரியும்.